‘முடிச்சிருவோம்’னு யாரு சொல்றது

ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து மேஜை அல் அமீன். திண்டுக்கல்லுல ஸ்பானிஷ் பேசத் தெரிஞ்ச ஒரே ஆளு எங்ககிட்டதான் இருக்காருன்னு முதலாளி அப்பாஸ் பாய் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. எங்க மாதா கோயில்ல ஒரு சாமியாருக்கும் தெரியும், ஸ்பெயின்லயே படிச்சவருன்னு நான் ஒருக்கா சொன்னேன். அவரு தோல் விக்கிறாரான்னு பாய் கேட்டாரு. இல்லைன்னேன். அப்ப அவரு கணக்குல வரமாட்டாருன்னுட்டாரு.

நான் ரோஸ்மேரி, மரியநாதபுரம். இந்தத் தோல்ஷாப்புல கணக்கு எழுத வந்து பாதித் தலை நரைச்சுப்போச்சு. ஷாப்புன்னா கடைன்னு வெளியூர்க்காரங்க நெனச்சுக்குவாங்க. ஆட்டுத்தோலை வாங்கி, ஊறவச்சு, முடி எடுத்து, பதம் பண்ணி, சாயம் ஏத்தி அனுப்புற எடத்துக்குத்தான் இங்க தோல்ஷாப்புன்னு பேரு. நாத்தம் எப்படின்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. எனக்கு அது தெரியாமப் போயி ரொம்பக் காலமாச்சு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போறப்பதான் ஞாபகம் வரும்.

எங்க சரக்கு முக்காவாசி ஸ்பெயினுக்குப் போகும். அங்க செருப்புக்கு உள்பக்கம் வச்சுத் தைக்கிறதுக்கு. முன்னெல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதிக்கிட்டோம். அவங்க இங்கிலீஷும் எங்க இங்கிலீஷும் ஒரே தரம்ங்கிறதால சண்டை சச்சரவு இல்லாம வண்டி ஓடுச்சு. கொரோனாவுல ஷாப்பு பூட்டிக் கெடந்தப்ப அமீனுக்கு வீட்ல பொழுது போகல. போன்ல ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிச்சாரு. பெறகு சென்னையில ஆனந்தின்னு ஒரு டீச்சர் கம்ப்யூட்டர்ல நடத்துற கிளாஸ்ல சேந்தாரு. ஷாப்பு தொறந்தப்ப மனுஷன் வேற ஆளா வந்து எறங்குனாரு. டீக்கடைக்காரன் இஞ்ஞாசி கிளாஸ நீட்டுனா ‘கிராசியாஸ்’ம்பாரு. நன்றின்னு அர்த்தமாம். இஞ்ஞாசி இவருக்கு ஏதோ கேஸ் தொந்தரவுன்னு முடிவு பண்ணி டீயில இஞ்சியைத் தட்டிப் போட ஆரம்பிச்சிட்டான். இவரும் அதக் குடிச்சுக்கிட்டு மறுபடியும் கிராசியாஸ்ம்பாரு. அவன் இஞ்சியை இன்னுங் கொஞ்சம் கூட்டுவான்.

படிச்சது குத்தம்னு சொல்ல வரல. நல்லாவே படிச்சாரு. சங்கடம் எங்கன்னா, அமீன் ஒரு சொல்லைச் சட்டுனு எடுத்துப் போடுற ஜாதி கெடையாது. தமிழ்லயே அப்படித்தான். மத்தியானம் ‘என்ன தம்பி, சாப்டாச்சா’ன்னு கேட்டா, ‘ஆச்சு’ன்னு சொல்ல மாட்டாரு. செத்த நேரம் யோசிப்பாரு. சாப்டாச்சுன்னு சொன்னா, வேணாம்னு ஒதுக்குற மாதிரி இருக்குமோ, இல்லைன்னு சொன்னா அக்கா டப்பாவுல கை வைக்கப் பாக்குறான்னு ஆகிருமோ. அதுக்குள்ள நான் வெஞ்சனத்தைப் பாதி காலி பண்ணியிருப்பேன். துணிக்கடைக்குப் போனா ஒரே நீலத்துல ரெண்டு சட்டையை எடுத்து வச்சுக்கிட்டு வாசல் வெளிச்சத்துக்கும் உள்ளுக்குமா நடப்பாரு. கடைக்காரன் கடைசியில ரெண்டுல ஒன்னை அவனே பையில போட்டுக் குடுத்துருவான். இவரு நிம்மதியா வருவாரு.

வயசு முப்பத்தாறு. அத்தா மவுத்தாகி ரொம்ப வருஷம். பேகம்பூர்ல அம்மா குர்ஷித் பேகமும் இவரும் மட்டும். கல்யாணம் ஏன் ஆகலைன்னு கேட்டீங்கன்னா, அதச் சொல்லத்தான் இம்புட்டும்.

அதே தெருவுல நாலு வீடு தள்ளி ரஃபியா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரத்தப் பரிசோதனை பண்ற லேப்ல வேலை பாக்குறா. கை அம்புட்டு மெதுவான கை, ஊசி குத்துறதே தெரியாது. எனக்குச் சர்க்கரை பாக்குறதே அவதான். அமீனுக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கும் இவரைப் பிடிக்கும். குர்ஷித் பேகத்துக்குச் சம்மதம். ரஃபியாவோட அம்மாவுக்கு அதவிடச் சம்மதம். பெருநாளுக்கு ரஃபியா வீட்லருந்து தம்ரூட்டு இனிப்பு வந்தா, அந்தக் கிண்ணம் காலியாத் திரும்பாது, இங்கருந்து பிரியாணி போகும். அந்தக் கிண்ணமும் காலியா வராது. ரெண்டு வீட்டுக் கிண்ணமும் தெருவுல நடந்து நடந்து தேஞ்சதுதான் மிச்சம்.

அப்புறம் என்ன தடைன்னு நானும் கேட்டேன். பேச ஆளு இல்லையாம்.

இதுக்கு எங்க தொழில் வழக்கத்தச் சொன்னாத்தான் வெளங்கும். பச்சைத்தோலு வாங்குற மண்டியில விலையை வாயால பேசமாட்டாங்க. வாங்குறவரும் விக்கிறவரும் கையக் குடுத்து மேல ஒரு துண்டைப் போட்டுக்குவாங்க. உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேரம். மேல பாத்தா ரெண்டு பேரும் வானத்தப் பாத்துக்கிட்டு மழை வருமான்னு பேசுற மாதிரி இருக்கும். விலை படிஞ்சாலும் ரெண்டு பேருல ஒருத்தரும் ‘முடிச்சிருவோம்’னு வாயத் தொறக்க மாட்டாங்க. தொறந்தவன் அவசரக்காரன். அவனுக்கு என்னமோ நெருக்கடின்னு அடுத்தவன் மோப்பம் பிடிச்சு இன்னும் ஒரு விரலை மடக்கிருவான். அதுக்குன்னே தரகர் சூசைமுத்து பக்கத்துல நிப்பாரு. அவரு விக்கிறவரும் இல்ல, வாங்குறவரும் இல்ல. ரெண்டு மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருந்துட்டு, பதம் வந்ததும் ரெண்டு கையையும் சேத்து மேல ஒரு தட்டுத் தட்டி, ‘முடிங்கய்யா’ம்பாரு. அம்புட்டுதான் அவரு வேலை. மூணாவது ஆளு சொல்லிட்டா ரெண்டு பக்கமும் மானக்கேடு இல்ல.

அமீன் வீட்டுப் பக்கம் பொண்ணு கேக்குறதும் இதே கணக்குத்தான். பெத்தவங்க நேராப் போய் நிக்கமாட்டாங்க. ரெண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரிய மனுஷர் ஒருத்தர் போவாரு, ‘பேசி முடிச்சிருங்க’ம்பாரு. ஒருவேளை வேணாம்னு சொன்னாலும் யாரும் கேக்கவே இல்லங்கிற மாதிரி ஆகிரும், கிண்ணம் பாட்டுக்கு நடக்கும். அந்தப் பெரிய மனுஷர் அப்பாஸ் பாய்தான்னு அமீன் மனசுல பதிச்சு வச்சிருந்தாரு. நான் போய்ப் பேசவான்னு கேட்டேன். ‘நீங்க பேசுனா மரியாதைக்கா. ஆனா ஜமாத்துல உள்ள ஆளு பேசணும்ல’ன்னாரு. சரின்னு விட்டேன்.

ஒருநாள் அப்பாஸ் பாய் நல்ல கொணத்துல இருந்தப்ப இவரு மென்னு முழுங்கி விஷயத்தச் சொல்லிட்டாரு. பாய் சிரிச்சாரு. ‘ஸ்பெயின் ஆர்டர் முடியட்டும்டா, மறுநாளே நான் போய் உக்காந்து பேசுறேன், இன்ஷா அல்லாஹ்’ன்னாரு. அவரு போற போக்குல சொன்னது. இவரு அதக் கல்லுல வெட்டிக்கிட்டாரு. அன்னையிலருந்து அந்த ஆர்டர்தான் அமீனுக்கு நிக்காஹ்.

ஆர்டர் பெரிய ஆர்டர்தான். ஸ்பெயின்ல புதுசா ஒரு கம்பெனி. பிலார்னு ஒரு அம்மா பேசுனாங்க. சாம்பிள் போச்சு, பிடிச்சிருக்குன்னாங்க. சாயம் கொஞ்சம் வெளுத்தாப்பல வேணும்னாங்க, வெளுத்து அனுப்புனோம். விலையும் படிஞ்சிருச்சு. எப்ப அனுப்புறதுங்கிறதும் பேசியாச்சு. கம்ப்யூட்டர்ல முகம் பாத்துப் பேசுனோம், அந்தப் பக்கம் அந்தம்மாவும் கூட ரெண்டு பேரும், இந்தப் பக்கம் பாயும் அமீனும், கணக்குக் கேட்டா சொல்லன்னு நானும். எல்லாம் பேசி ஓஞ்சு, ஒரு அமைதி வந்துச்சு பாருங்க. அவங்க எங்களைப் பாக்குறாங்க, நாங்க அவங்களைப் பாக்குறோம். பாய் மேஜைக்குக் கீழ தன் கையத் தானே பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. சூசைமுத்து இல்லாத குறை அப்பட்டமாத் தெரிஞ்சுச்சு. அந்தம்மா ஏதோ பொதுவாச் சிரிச்சு, அப்புறம் பாப்போம்னு சொல்லிப் போயிட்டாங்க.

பாய்க்குக் குழப்பம். நாம முடிப்போம்னு சொன்னா விலையக் கொறைப்பாங்க, சொல்லாட்டி வேற ஊருக்குப் போயிருவாங்க. கடைசியில அமீனைக் கூப்ட்டு ஒரு உத்தரவு போட்டாரு. எல்லாரும் சேந்து இத முடிச்சிருவோம்னு ஒரு மெயில் எழுது, ஆனா நாமதான் சொல்றோம்னு தெரியக் கூடாதுன்னாரு. இந்த மாதிரி ஒரு உத்தரவை வேற எந்த ஊர்லயும் எந்த முதலாளியும் போட்டிருக்க மாட்டாரு. வேற யாருகிட்டயாவது போட்டிருந்தா, என்னங்க வெளாடுறீங்களான்னு கேட்டிருப்பாங்க. அமீன் கண்ணு மின்னுச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சது. ஸ்பானிஷ்ல ‘முடிப்போம்’னு சொல்ல ஒரு சொல்லு இருந்தாப் பரவால்ல, ஒரு குடும்பமே இருக்கு. தெர்மினேமோஸ்னு ஒன்னு. அது நேரானதாம், ரொம்ப நேரானதாம், நேருக்கு நேரா நின்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ற மாதிரியாம். அகபேமோஸ்னு ஒன்னு. அது வீட்ல பேசுறது, சாப்பாட்டத் தட்டுல மிச்சம் வைக்காம முடிங்கன்னு சொல்ற மாதிரி, ஆனா கூட ஒரு சின்னச் சொல்லு சேந்துட்டா தீத்துக்கட்டிருவோம்னு ஆகிருமாம். கொங்க்ளுயாமோஸ்னு ஒன்னு, அது கோர்ட்டுல வக்கீலு சொல்றதாம். செரேமோஸ்னு ஒன்னு, அது யாவாரத்துக்கு ஏத்ததுதானாம், ஆனா கதவச் சாத்துறதுக்கும் அதே சொல்லுதானாம், பாய்க்குக் கதவச் சாத்துற பேச்சே ஆகாது. தெர்மினேமோஸையே வேற மாதிரி வாமோஸ் போட்டும் சொல்லலாமாம், அப்படிச் சொன்னா வாங்க போவோம்ங்கிற மாதிரி தோள்ல கையப் போட்டுச் சொல்றதாம், அந்தம்மா தோள்ல நாம எப்படிக் கையப் போடுறதுன்னு இவருக்குக் கவலை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. சோத்துல கைய வச்ச நேரமெல்லாம் பக்கத்துல உக்காந்து சொன்னா எருமை மாட்டுக்குக்கூட ஸ்பானிஷ் வந்துரும்.

ஆனந்தி டீச்சர்கிட்ட கேட்டாரு. எதச் சொன்னாலும் அவங்களுக்குப் புரியும், எல்லாமே சரிதான், சும்மா எழுதுங்கன்னு அந்தப் புள்ள தெளிவா எழுதியிருந்துச்சு. இவரு முகம் வாடிப்போச்சு. ‘எல்லாமே சரின்னா எதுவுமே சரியில்லைன்னு அர்த்தம்க்கா’ன்னாரு. கிளாஸ்ல கூடப் படிக்கிறவங்க குரூப்புல போட்டாரு. ஒருத்தர் தெர்மினேமோஸ்னாரு, இன்னொருத்தரு அகபேமோஸ்தான் இயல்புன்னாரு, மூணாவது ஒருத்தரு ரெண்டு பேரையும் திட்டுனாரு, கடைசியில ஆனந்தியே வந்து இந்தப் பேச்ச இத்தோட முடிச்சிக்கலாம்னு எழுத வேண்டியதாப் போச்சு. எந்தச் சொல்லப் போட்டு எழுதுனாங்கன்னு இவரு அதையும் குறிச்சு வச்சுக்கிட்டாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு மனுஷன் கல்யாணம் ஒரு ஆர்டர்ல தொங்குது, ஆர்டர் ஒரு மெயில்ல தொங்குது, மெயில் ஒரு சொல்லுல தொங்குது, அந்தச் சொல்ல வச்சுக்கிட்டு இவரு வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்குறாரு. அந்த நீலச் சட்டைய அனுப்புங்கய்யான்னு நாலு பேருக்கு முன்னாடி கத்தியே விட்டேன். யாருக்கும் புரியல, அவருக்கு மட்டும் புரிஞ்சுச்சு. சிரிச்சாரு. அவரு சிரிச்சா மேல திட்ட வராது, அதுதான் அவரோட பெரிய தந்திரம்.

அந்த வாரம் சர்க்கரை பாக்க லேப்புக்குப் போனேன். ரஃபியாதான் இருந்தா. ரத்தம் எடுத்துப் பஞ்சை வச்சு, என் கைய மடக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ வெலவாசி கேக்குற மாதிரி கேட்டா.

‘அக்கா, அந்த ஸ்பெயின் ஆர்டர் முடிஞ்சிருச்சா?’

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. லேப்புல வேலை பாக்குற புள்ளைக்கு ஆட்டுத்தோலு ஆர்டர் முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன. ஆக இவளுக்கும் தெரிஞ்சிருக்கு. இவளும் அந்த ஆர்டருக்காகத்தான் உக்காந்திருக்கா. இன்னும் இல்லத்தா, ஆகிரும்னேன். தலைய ஆட்டுனா. நத்தத்துலருந்து ஒரு எடம் வந்திருக்குன்னா. மாந்தோப்பு, புளி யாவாரம் உள்ள குடும்பமாம். மாப்பிள்ளை நல்ல மாதிரியாம். அவங்க பக்கத்துலருந்து பெரிய மனுஷர் ஒருத்தரு வந்து பேசிட்டே போயிட்டாராம். இவ அம்மா நோன்பு முடியட்டும் சொல்றோம்னு தவணை கேட்டிருக்காங்களாம். எல்லாத்தையும் பஞ்சுல டேப் ஒட்டிக்கிட்டே சொன்னா. குரல்ல ஒன்னும் இல்ல. டேப் மட்டும் கோணலா ஒட்டியிருந்துச்சு.

மறுநாள் காலையில நான் நேரா அமீன்கிட்ட போய் எல்லாத்தையும் கொட்டிட்டேன். மனுஷன் வெளிறிப்போயிட்டாரு. பத்து நிமிஷத்துல மெயில எழுதிருவாருன்னு நெனச்சேன். ‘இப்ப அவசரம் வந்துருச்சுல்லக்கா, அதனால எழுத்துல அவசரம் தெரிஞ்சிரக் கூடாது, இன்னும் கவனமா எழுதணும்’னாரு. நான் என் எடத்துக்கு வந்து உக்காந்துட்டேன். அன்னைக்கு நான் போட்ட கூட்டல் ஒன்னும் சரியா வரல.

நல்லவேளை, அந்தம்மாவே இன்னொரு தடவை முகம் பாத்துப் பேசணும்னு சொல்லி அனுப்புனாங்க. அன்னைக்குப் பாய் மண்டிக்குப் போடுற துண்டையே தோள்ல போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு. அமீன் முன்னாடி ஒரு தாளு, அதுல நாலு சொல்லும் வரிசையா. மறுபடியும் எல்லாம் பேசுனாங்க. பேசுனதையே பேசுனாங்க. சாயம் சரி, விலை சரி, தேதி சரி. மறுபடியும் அந்த அமைதி. பாய் அமீன் கால மிதிக்கிறாரு. அமீன் தாளப் பாக்குறாரு. வாயத் தொறக்குறாரு, மூடுறாரு. அந்தம்மா பொறுமையாப் பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு லேப்புல அந்தக் கோணல் டேப் ஞாபகம் வந்துச்சு.

‘எம்மா, முடிச்சுத் தொலைங்களேம்மா’ன்னு பின்னாடி இருந்து கத்திட்டேன். தமிழ்லதான். மேஜையில கையத் தட்டியும் வச்சிட்டேன்.

அந்தப் பக்கம் மூணு பேரும் திடுக்குன்னு நிமுந்தாங்க. அந்தம்மா என்னைக் காட்டி, அவங்க என்ன சொல்றாங்கன்னு அமீன்கிட்ட கேட்டாங்க. அமீன் அத ஸ்பானிஷ்ல சொல்லணும். தாளப் பாத்தாரு. நாலுல எது என் கத்தலுக்கு ஏத்ததுன்னு யோசிக்கிறாரு, சத்தியமா யோசிக்கிறாரு. அவரு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் சேத்துத் தட்டி, சரி சரின்னு அவங்க பாஷையில சொல்லிட்டாங்க. இத்தனை நாளா உங்க சத்தத்தையே காணோம், உங்களுக்கு வேற யாரும் கெடச்சுட்டாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்னும் சொன்னாங்களாம். சாயங்காலமே ஆர்டர் வந்துருச்சு. அம்புட்டு ஆராய்ச்சி பண்ணுன நாலு சொல்லுல ஒன்னுகூட யாரு வாயிலருந்தும் வரல.

பாய்க்குச் சந்தோஷம் தாங்கல. சூசைமுத்துவுக்குப் போன் போட்டு, உன் வேலைய எங்க ரோஸ்மேரி பாத்துட்டான்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்குப் பிரியாணி வந்துச்சு. அமீன் என் பக்கத்துல வந்து நின்னு, ‘ரொம்ப நன்றிக்கா’ன்னாரு. அன்னைக்கு அதத் தமிழ்லதான் சொன்னாரு. மனசுல வேற என்னென்னமோ இருந்துச்சு அவருக்கு. எனக்கும்தான். நாளைக்கே பாய் ரஃபியா வீட்டுக்குப் போயிருவாரு, பெருநாளைக்கு முன்னாடி பேச்சு முடிஞ்சிரும்னு நான் வீட்டுக்குப் போற பஸ்ஸுல உக்காந்து நெனச்சுக்கிட்டே போனேன்.

மறுநாள் பாய் செம்பட்டிப் பக்கம் ஒரு லாரி விஷயமாப் போயிட்டாரு. அதுக்கு மறுநாள் சாயம் போடுற எடத்துல மெஷின் நின்னுபோச்சு. அப்புறம் வெள்ளிக்கிழமை. அமீன் ஒருக்கா ஞாபகப்படுத்துனாரு போல. ‘மொத லோடு கப்பல் ஏறட்டும்டா, நிம்மதியாப் போய் உக்காந்து பேசுவோம்’னாரு பாய். அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல. அவருக்கு அது ஒரு வேலை, நாளைக்குச் செஞ்சாலும் அதே வேலை. அமீன் சரின்னு வந்துட்டாரு.

சரியா? என்ன சரி? எனக்கு வந்த கோவத்துல மேஜைய விட்டு எந்திரிச்சே போனேன். நோன்பு பாதிக்கு மேல போயிருச்சு, அந்தப் புள்ள வீட்ல தவணை முடியப் போகுது, நீங்க இன்னைக்கே பாய்கிட்ட போய் இன்ன காரணம்னு நேராச் சொல்லுங்கன்னு சொன்னேன். நேராச் சொன்னா முதலாளிய நிர்ப்பந்திக்கிற மாதிரி ஆகும், அதனால போன்ல ஒரு செய்தி அனுப்புறேன்னாரு. அனுப்புங்கன்னேன். சாயங்காலம் போறப்பப் பாக்குறேன், போனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ‘பேசுங்க’ன்னு போட்டிருக்காரு, அழிச்சிருக்காரு. ‘கேளுங்க’ன்னு போட்டிருக்காரு, அழிச்சிருக்காரு. ‘முடிச்சு வைங்க’ன்னு போட்டு, ‘வைங்க’ன்னா உத்தரவு மாதிரி இருக்குமோ, ‘வைக்கணும்’னா கெஞ்சுற மாதிரி இருக்குமோன்னு என்கிட்ட கேக்குறாரு. ஸ்பானிஷ் படிச்சதுனாலதான் இப்படின்னு அதுவரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாவம், ஸ்பானிஷ் மேல ஒரு தப்பும் இல்ல.

கடைசியா ஒன்னு சொல்லிப் பாத்தேன். யாரும் வேணாம், நாலு வீடு தானே, நீங்களே நடந்து போய் வாசல்ல நின்னு அவங்கம்மாகிட்ட கேளுங்கன்னேன். அதெப்படிக்கா, நானே போனா எனக்கு அவசரம்னு ஆயிருமேன்னாரு. அவசரந்தானய்யான்னேன்.

லோடு கப்பல் ஏறுச்சு. பெருநாளும் வந்துச்சு. கிண்ணம் வரல. குர்ஷித் பேகம் அனுப்புன கிண்ணத்த ரஃபியா வீட்ல வாங்கிக்கிட்டாங்க, திருப்பி அனுப்பல. அப்பாஸ் பாய் பெருநாள் தொழுகையில ரஃபியாவோட மாமாவைப் பாத்தப்பத்தான் ஞாபகம் வந்து, பேச்ச எடுக்கப் போயிருக்காரு. அவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அந்த மாமா கட்டிப்பிடிச்சு, நத்தத்துல பேசி முடிச்சாச்சு, நீங்க அவசியம் வரணும்னுட்டாரு. பாய் இத ஆபீஸ்ல வந்து சொன்னப்ப அவருக்கே முகம் தொங்கிப்போச்சு. அமீன் தலைய ஆட்டுனாரு. லோடு விவரத்தக் கணக்குல ஏத்தியாச்சான்னு என்கிட்ட கேட்டாரு.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம். ரஃபியா ஆபீசுக்கே வந்தா. அம்மாவும் கூட வந்திருந்தாங்க, அவங்க முதலாளி ரூமுக்குள்ள கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போனாங்க. இவ நேரா எங்க மேஜைகிட்ட வந்தா. எனக்கு ஒன்னு குடுத்தா, கண்டிப்பா வரணும்க்கான்னா. அவருக்கு ஒன்னு குடுத்தா. அவரு எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. ‘முபாரக்’னாரு. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவரு யோசிக்கல.

அவ கெளம்புவான்னு நெனச்சேன். கெளம்பல. அங்கயே நின்னா.

‘பாய் வந்துதான் பேசணும்னு யாருங்க சொன்னா?’ன்னா. ‘நீங்க வாசல்ல வந்து நின்னு என்னன்னு சொல்லியிருந்தாலும் போதும். எந்த வார்த்தைன்னாலும் எங்க வீட்ல சரின்னுருப்பாங்க.’

சத்தமாச் சொல்லல. கோவமும் இல்ல. ரத்தம் எடுக்குறப்ப, கொஞ்சம் வலிக்கும்னு சொல்ற அதே குரல். அம்மா வெளிய வரவும் முந்தானையத் தலையில இழுத்துவிட்டுக்கிட்டுப் போயிட்டா.

நான் பத்திரிகையப் பிரிச்சுப் படிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். எனக்குக் கண்ணு ஒன்னும் தெரியல. இந்த மனுஷன் இப்ப உடைஞ்சு அழுதா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. அழல. நின்ன எடத்துலயே நின்னாரு. என் பக்கம் திரும்பி, மெதுவாக் கேட்டாரு.

‘அக்கா, எங்க வீட்லன்னு சொன்னாங்கள்ல. அது அவங்க அம்மாவை மட்டும் சொன்னாங்களா, அவங்களையும் சேத்தா?’

இத்தனை வருஷத்துல அவர நான் மரியாதையில்லாமக் கூப்ட்டதே இல்ல. ‘அவளையும் சேத்துத்தான்டா’ன்னேன்.